34 பாகைதானே என்று சொல்லாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் பிறந்தால் அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்கா உலகச் செய்திகளில் வந்துவிடுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில், கடல் மட்டத்துக்கும் 86 மீற்றர் கீழே இறங்கிக் கிடக்கும் பாலைப் பள்ளத்தாக்கு அது. 1913 ஜூலை 10ஆம் திகதி அங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸைத்தான் உலக வானிலை அமைப்பு இன்றுவரை உலகின் உச்ச வெப்பநிலையாக ஏற்றுவருகிறது. அந்தப் பழைய பதிவில் ஆய்வாளர் சிலருக்கு ஐயம் உண்டு. ஆனால் 2020 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் அதே இடத்தில் 54.4 பாகையை அளந்தவை இக்காலக் கருவிகள். 2024 ஜூலையில் இரவும் பகலும் சேர்த்த மாதச் சராசரியே 42.5 பாகையாகி, அந்தப் பூங்கா கண்ட மிக வெப்பமான மாதமாக அது பதிவாயிற்று. பூங்காவின் தகவல் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் வெப்பமானியோடு படமெடுப்பதற்கென்றே ஆட்கள் பயணம் போகிறார்கள்.

அந்தப் படங்கள் கைபேசி வழியாக இலங்கையில் நம் மாவனல்லைக்கும் வருகின்றன. கூடவே ஒரு வாதமும் வருகிறது. "அங்க அம்பத்துநாலு, நமக்கு முப்பத்துநாலு. இதுக்கா இவ்வளவு கூப்பாடு?" கடைத் தெருவிலும் பஸ்ஸிலும் தோட்டக் கந்தோரிலும் இந்த வாதத்தைக் கேட்கலாம். படித்தவர்கள் அதை இன்னும் நீட்டுவார்கள். சப்ரகமுவ ஈரவலயம், மழை கொட்டும் பூமி, மலைப் பிரதேசம், குளிருக்குக் குறைவில்லை, தோட்டமெல்லாம் மரநிழல், நம் ஆட்கள் வெயிலுக்குப் பழகியவர்கள், நமக்கு எமன் வெள்ளமும் மண்சரிவும்தான், வெப்பம் என்பது யால, உடவளவைப் பூங்காக்களில் யானைகள் படும் பாடு. இவ்வளவும் சேர்ந்த முடிவுதான், தோட்டத் தொழிலாளியின் வேலை நேரத்தில் வெயிலுக்கென்று எந்த மாற்றமும் தேவையில்லை என்பது.

இந்தக் கருத்து அடியிலிருந்தே பிழையானது. இதன் விலையை மலையில் நிற்பவர்கள் தம் உடம்பால் கொடுத்துக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு பகுதியாக எடுத்து மறுக்கவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். மனித உடலின் உள்வெப்பம் 37 பாகை. உழைக்கும் உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்கும். அதை வெளியே தள்ளாவிட்டால் உள்வெப்பம் ஏறும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. சுற்றியுள்ள காற்றும் அதே அளவை நெருங்கிவிட்டால் உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிராது. வியர்வை காய வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. காயாமல் முதுகில் வழிந்து மண்ணில் சொட்டும் வியர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை. உடலின் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி நாள் முழுக்கக் காயாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். நம் காற்றில் வியர்வையின் நிலையும் அதுதான்.

இதை அளக்க ஒரு கருவி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, ஆவியாதலால் அது எவ்வளவு குளிர்கிறது என்று பார்ப்பார்கள். பாடசாலைப் புவியியலில் நாம் படித்த ஈரக்குமிழ் வெப்பநிலை அதுவே. கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றின் வெப்பம் 50 பாகை, ஈரப்பதன் 5 வீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 21 பாகை காட்டும். டெத் வேலியின் கோடை நண்பகல் இப்படிப்பட்டது. காற்றின் வெப்பம் 33 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால் ஈரக்குமிழ் 26 பாகையைத் தாண்டும். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்து, மறுபடி வெயில் ஏறி, 34 பாகையும் 70 வீத ஈரப்பதனும் கூடினால் அது 29. மனித உடல் 35 பாகை ஈரக்குமிழ் வரை தாங்கும் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளவயதினரான, நோயற்ற ஆட்களை வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு. ஈரமான காற்றில் 30, 31 பாகை ஈரக்குமிழிலேயே, அதுவும் இலேசான வேலைக்கே, உடலின் உள்வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கிவிடுகிறது. நம் பங்குனி, சித்திரை நண்பகலுக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருப்பது சில பாகைகளே. நம் ஆட்கள் செய்வதோ கொழுந்துப் பாரத்தோடு சரிவில் ஏறும் வேலை. எல்லோரும் இளவயதினரும் அல்ல.

டெத் வேலி ஆபத்தற்ற இடம் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 6ஆம் திகதி, 53 பாகை வெயிலில், மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் அங்கே உயிரிழந்தார். வெப்பத்தால் காற்று இலேசாகிவிட்டதால் மீட்பு ஹெலிகொப்டரைக் கூடப் பறக்கவிட முடியவில்லை. உலர்ந்த வெப்பம் உடலின் நீரை உறிஞ்சிக் கொல்கிறது. ஈர வெப்பம் உடலின் சூட்டை வெளியேறவிடாமல் கொல்கிறது. கொல்லும் விதம் இரண்டாக இருக்கும்போது, ஒன்றின் அளவுகோலை எடுத்துவந்து மற்றதன்மேல் வைத்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று தீர்ப்புச் சொல்வது அறிவுக்கு ஒவ்வாது.

டெத் வேலியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பூங்கா என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோடையில் காலை 10 மணிக்குப் பின் தாழ்நிலப் பாதைகளில் நடக்க வேண்டாம் என்று அந்தப் பூங்கா நிருவாகம் வருவோரை எச்சரிக்கிறது. பொழுதுபோக்க வந்தவருக்கே அங்கே அந்த எச்சரிக்கை உண்டு. நம் தோட்டத்தில் காலை 10 மணி என்றால் என்ன? முதல் நிறுவை முடிந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நிரைக்கு ஏறும் நேரம்.

அரசு இதை அறியாமலும் இல்லை. ஆண்டுதோறும் வெப்ப காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல்களில் வடக்கோடும் வடமத்தியோடும் சப்ரகமுவ மாகாணத்தின் பெயரும் அடிக்கடி வருகிறது. வெப்பச் சுட்டெண் என்பது காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்து, உடல் உணரும் வெப்பத்தைச் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன 33 பாகையும் 60 வீத ஈரப்பதனும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ 40 பாகை. அமெரிக்க வானிலைச் சேவையின் வகுப்பில் 'ஆபத்து' என்ற படி அங்கேதான் தொடங்குகிறது. அதுவும் நிழலில், இலேசான காற்றில் நிற்பவருக்குரிய எண். நேர் வெயிலில் நிற்பவருக்கு அதன்மேல் 8 பாகை வரை கூடும். திறந்த தேயிலை மலையில் நிற்கும் பெண்ணுக்கு '34தானே' என்று சொல்கிறவர் எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்?

அடுத்தது, 'மலைநாடு குளிர்நாடு' என்ற நம்பிக்கை. தோட்டம் என்றதும் பனிமூட்டமும் கம்பளிப் போர்வையும் நினைவுக்கு வருவது நுவரெலியாவைப் பார்த்துப் பழகியதால். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ள தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே விளைவது 600 மீற்றருக்குக் கீழே வளரும் தாழ்நிலத் தேயிலையும் றப்பரும். மாவனல்லை நகரம் மா ஓயாவின் பள்ளத்தில், உத்துவன்கந்தையும் கடுகண்ணாவை மலைகளும் சூழக் கிடக்கிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நகரும் நாட்களில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் பிறந்திருக்காது. இலை அசையாது. காற்றில் ஈரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சித்திரைப் புதுவருடத்துக்குக் கைக்காசு சேர்க்க, ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் தொழிலாளர்கள் மலைக்குப் போகும் காலமும் அதுவே.

உயரம் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது கேரளத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம்மைப் போலவே ஈரமான, றப்பரும் தேயிலையும் விளையும் அந்த மாநிலத்தில், வெப்ப மாதங்களில் நேர் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு கொடுத்துத் தொழில் திணைக்களம் ஆணை பிறப்பிக்கிறது. 2025இலும் பெப்ரவரி முதல் மே வரை அது நடைமுறையில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலுள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விதியை அப்படியே சப்ரகமுவவுக்குக் கொண்டுவந்தால், விலக்குப் பெறும் தோட்டங்களை விரல்விட்டு எண்ணலாம்.

'தோட்டமெல்லாம் நிழல்தானே' என்பவர்கள் பஸ் யன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பவர்கள். றப்பர் மரம் தை, மாசியில் இலையை உதிர்க்கும். நாட்டின் வெயில் ஏறத் தொடங்கும் வாரங்களில் றப்பர் மலை மொட்டைக் கிளைகளோடு நிற்கும். புதுத் தளிர் விரிந்து கூரையாகும்வரை பால் வெட்டுகிறவரின் தலைக்கு மேலே மறைப்பே இருக்காது. தேயிலைச் செடியோ இடுப்பளவு. நிழல் மரங்கள் செடிக்காக, செடிக்கு வேண்டிய தூரத்தில் நடப்பட்டவை. கிளை தறித்த காலத்தில் அந்த நிழலும் இல்லை. இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு, செடியின் கீறலிலிருந்தும் பனி ஈரத்திலிருந்தும் காக்கும். அதே படங்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை வியர்வையைக் காயவிடாமல் அடைத்துவைக்கும். தலையில் துணி, துணிக்கு மேல் கூடைக் கயிறு, முதுகில் ஈரக்கொழுந்தின் பாரம். காற்றுப் படும் இடமென்று உடம்பில் முகமும் முன்கையும்தான் மிஞ்சுகின்றன.

மாலையில் வீட்டுக்கு வந்தாலாவது உடல் ஆறுமா? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, தகரக் கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய லயம் என்றால் பின்பக்கம் யன்னலுக்கு வழியே இல்லை. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தகரமும் சுவரும் இரவில் உள்ளே கக்கும். புவி வெப்பமடைவதில் இரவுகளின் வெப்பம் பகலைவிட வேகமாக ஏறுகிறது என்பதை உலகின் பல பகுதிகளிலும் அளந்து காட்டியிருக்கிறார்கள். இரவில் ஆறாத உடல், மறுநாள் வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பிரட்டுக்குப் பாதிக் களைப்போடு போய் நிற்கிறது. பகலின் உச்ச எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரவு கண்ணில் படாது.

'நம்மவர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்' என்ற வாதம் பாராட்டுப் போலக் கேட்கும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் உழைத்தால் உடல் மாறுகிறது. முன்னதாகவே வியர்க்கிறது, கூடுதலாக வியர்க்கிறது. ஆனால் கூடுதலாக வியர்ப்பவருக்குக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். காயாத காற்றில் கூடுதல் வியர்வையால் ஆவதும் ஒன்றுமில்லை. வெயிலில் பாடுபடுகிறவர் 15, 20 நிமிடத்துக்கொரு முறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தொழிற்சுகாதார நிபுணர்களின் கணக்கு. எட்டு மணி நேர வேலைக்கு ஆறு லீற்றர் வந்துவிடும். அதைச் சுமந்துகொண்டு மலை ஏறுபவர் யார்? ஒரு சோடாப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவார்கள். அதையும் மிடறு மிடறாகத்தான் குடிப்பார்கள். காரணம் கேட்டபோது கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும் தம்பி. மலையில ஒதுங்க எடம் எங்க இருக்கு?" மலசலகூடம் இல்லாத மலையில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வதைப் 'பழக்கம்' என்று பெயரிட்டு அழைக்கிறோம். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குப் பின்னால் கடும் வெயில் உழைப்பும் நீரிழப்பும் இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவர்களும் தலைமுறை தலைமுறையாக வெயிலுக்குப் பழகியவர்களே.

யானைகளுக்கு வருவோம். 1972இல் உருவான உடவளவை தேசியப் பூங்காவின் ஒரு பகுதி நம் சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே வறட்சி வந்தால் நாடே பேசுகிறது. 2023 ஆகஸ்டில் உடவளவை நீர்த்தேக்கம் வற்றி விவசாயிகள் போராடியபோது, சமனலவெவ நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறக்க அமைச்சரவையே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் நியாயமானது. பின்னவலை யானைகள் காப்பகத்தில் 1975இலிருந்து வளர்க்கப்படும் யானைகளை முற்பகலிலும் பிற்பகலிலும் மா ஓயாவுக்கு இறக்கிக் குளிக்கவிடுகிறார்கள். யானைக்கு நம்மைப்போல வியர்வையில்லை. அந்த ஆறு அதற்கு வேண்டும். அதுவும் நியாயமானது. நான் கேட்பது, அதே ஓயாவின் கரையில், அதே முற்பகலிலும் பிற்பகலிலும் கூடை சுமக்கும் மனிதருக்கு உடலைக் குளிரவைக்க என்ன ஏற்பாடு என்பதுதான். விலங்கின் உடலுக்கு வெப்பம் செய்வதைப் புரிந்துகொண்ட நாட்டுக்கு மனித உடலுக்குச் செய்வது புரியாமல் இருக்க நியாயமில்லை.

'நமக்கு எமன் மண்சரிவுதான்' என்பவர்களின் அச்சத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி நம் அயலிலுள்ள அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமொன்று மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; கேகாலையும் மலையகமும் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் வெள்ளத்தையும் வெப்பத்தையும் இரண்டு தனித்தனி ஊழாகப் பிரிப்பது எப்படி? காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை சூடேறி, அளவீடுகள் தொடங்கிய காலத்திலிருந்தே மிக வெப்பமான ஆண்டாக உலக வானிலை அமைப்பு பதிவுசெய்தது 2024ஐ. மேகத்தில் கூடுதல் நீரை ஏற்றிக் கொட்டவைப்பதும், மழையில்லாத நாளில் உடலின் வியர்வையைக் காயவிடாமல் தடுப்பதும் ஒரே சூடேறிய காற்றுத்தான்.

மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிப்படியாக எச்சரிக்கை விடுக்கிறது, மக்களை வெளியேற்றுகிறார்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம் கணக்கெடுக்கிறது, நட்டஈடு பேசப்படுகிறது. வெப்பத்துக்கு அறிவித்தல் மட்டும் வருகிறது. 'நிழலில் ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், வெளியே கடும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்கிறது அறிவித்தல். நல்ல அறிவுரை. ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற கணக்கு நடக்கும் மலையில் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்கத் தொழிலாளிக்கு அதிகாரம் இல்லை. இன்னும் ஒரு கொடுமை இருக்கிறது. வெயில் காய்ந்தால் செடியும் சுருங்குகிறது. கொழுந்து துளிர்ப்பது குறைகிறது. அதே கிலோவை நிரப்ப அதிக நிரை, அதிக நேரம் நடக்க வேண்டும். உடல் ஓய்வு கேட்கும் மாதங்களில்தான் பேர் வாங்குவதற்கு மிகக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

'வெப்பத்தால் இங்கே எத்தனை பேர் செத்தார்கள், கணக்குக் காட்டு' என்பது கடைசிக் கேள்வி. கேள்வி கூர்மையானது, பதிலும் இருக்கிறது. வெப்பம் மரணச் சான்றிதழில் தன் பெயரை எழுதுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்றே எழுதப்படும். 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகைக்கு ஏறியது. அந்த மாத மரணங்களை வழக்கமான ஆண்டுகளோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது 1,344 மரணங்கள் கூடுதலாக இருந்தன. அதன் பிறகே 2013இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பத் திட்டம் அங்கே பிறந்தது. எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் எண் கிடைத்தது. சர்வதேச தொழில் அமைப்பு 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், உலகில் ஆண்டுதோறும் வேலைத்தள வெப்பத்தால் 2 கோடியே 28 இலட்சம் காயங்களும் 18,970 மரணங்களும் நேர்கின்றன. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் இந்திய ரூபாய் நிவாரணம் வகுத்தது. நாம் எண்ணத் தொடங்கவே இல்லை. எண்ணாததையே ஆதாரமாகக் காட்டி ஆபத்தில்லை என்கிறோம்.

இனி, சொல்லாமல் சொல்லப்படும் உண்மையான தடை: நேரத்தை மாற்றினால் உற்பத்தி விழும், கம்பனிக்கும் சிறுதோட்டக்காரருக்கும் கட்டாது. இதற்குப் பதில் றப்பர் மலையிலேயே இருக்கிறது. பால் வெட்டுகிறவர் ஏன் விடியுமுன் எழுகிறார்? குளிர்ந்த வேளையில் மரத்தின் பால் குழாய்களில் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கிப் பால் குறையும். ஆகவே மரத்துக்கு வெயில் ஆகாது என்பதற்காகத் தோட்டத்தின் முழு நேர அட்டவணையும் நூறாண்டுக்கு மேலாக விடியற்காலைக்கு நகர்ந்திருக்கிறது. எந்தத் துரையும் அதை நட்டம் என்று சொன்னதில்லை. மரத்தின் உடலுக்காக மாற்ற முடிந்த நேரத்தை மனிதரின் உடலுக்காக மாற்ற முடியாதா?

உற்பத்தி என்றே பேசினாலும், வெயிலில் நிற்கவைத்து எடுக்கும் வேலை முழு வேலை அல்ல. உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் 2025 ஆகஸ்டில் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஈரப்பதனையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் வேலைத்தள வெப்ப அளவு 20 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உழைப்பின் பலன் 2 முதல் 3 வீதம் குறைவதாகச் சொல்கிறது. நண்பகலின் மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுப்பதால் தோட்டம் இழப்பது, ஏற்கெனவே பலன் குறைந்துவிட்ட உழைப்பை.

வளைகுடாவைப் பாருங்கள். மாவனல்லையில் அங்கே ஒருவராவது இல்லாத தெரு இல்லை. கட்டாரில் 2021ஆம் ஆண்டு விதிப்படி ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை தடை. வேலைத்தள வெப்ப அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்தப்பட வேண்டும். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை தடை. அங்கே மீறல்களும் மரணங்களும் இல்லாமல் இல்லை. ஆனாலும் சட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. மீறியவரைப் பிடிக்க ஒரு பிடி இருக்கிறது. தோட்டத்து மகன் கட்டாரில் கட்டட வேலை செய்தால் நண்பகலில் அவனுக்குச் சட்டம் ஓய்வு தருகிறது. அவனை வளர்த்த தாய் இங்கே அதே நண்பகலில் மலையில் நிற்கிறாள்; அவளுக்குச் சட்டம் எதுவும் தருவதில்லை. நம் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. தேயிலை ஆலைக்குள் செல்லும் அந்தச் சட்டம் கொழுந்து மலைக்கு ஏறுவதில்லை.

தொழிற்சங்கங்களிடமும் இதைக் கேட்க வேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாய்க்கும், 2024இல் 1,350 ரூபாய்க்கும் நடந்த போராட்டங்கள் தேவையானவை. ஆனால் மேடைப் பேச்செல்லாம் நாட்சம்பளத் தொகையைச் சுற்றியே நின்றுவிட்டது. அந்த நாளின் எத்தனை மணி நேரம் உடல் தாங்கக்கூடியது என்பது பேச்சுவார்த்தை மேசைக்கு வரவே இல்லை. கூட்டு ஒப்பந்தம் போய்ச் சம்பளச் சபை வந்திருக்கும் இன்றைய நிலையில், வெப்பகால வேலை விதியை அங்கே எழுதவைக்கும் கடமை சங்கங்களுடையது.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. பெப்ரவரி முதல் மே வரை, 3,000 அடிக்குக் கீழுள்ள எல்லாத் தோட்டங்களிலும் நண்பகல் 12 முதல் 3 வரை வெளிவேலை நிறுத்தம். அதற்கு ஈடாகப் பிரட்டை விடியலுக்கு முன்தள்ளலாம், தேவையானால் மாலையில் ஒரு மணி கூட்டலாம். வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வந்த நாளில் கிலோ அளவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் குடிதண்ணீர், பெண்களுக்கு மலசலகூடம், ஒதுங்க ஒரு கூரை வேண்டும். திணைக்களத்தின் அறிவித்தல் தமிழில், அதிகாலையில், பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட வேண்டும். வேலையில் மயங்கி விழுபவரை வெப்பப் பாதிப்பு என்று பதிவுசெய்யத் தோட்ட மருந்தகத்திலும் வைத்தியசாலையிலும் ஒரு பத்தி வேண்டும். சிறுதோட்டங்களில் நாட்கூலிக்குப் போவோரையும் இந்த விதி காக்க வேண்டும். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு வருவது அங்கிருந்துதான்.

டெத் வேலியின் சாதனை எண்ணைப் பார்த்து ஆறுதல்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் சித்திரையில், உச்சிப்பொழுதில், படங்கு கட்டி, கூடை மாட்டி, மாவனல்லையைச் சுற்றியுள்ள ஏதாவதொரு மலையில் மூன்று மணி நேரம் நின்று கொழுந்தெடுத்துப் பாருங்கள். அதன்பின் வந்து 34 பாகைதானே என்று சொல்லுங்கள். அப்படி நின்று பார்க்க முடியாது என்றால், தினமும் நிற்பவருக்கு எதிராக அந்த எண்ணைத் தூக்கிப்பிடிக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. அடுத்த வெப்பகாலம் வருமுன் விதி எழுதப்பட வேண்டும்; அதுவரை இந்தக் கேள்வியை ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.